இசக்கியின் ‘இ’ எங்கே போனது?

திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்குப் பக்கம் ஒரு பாத்திரக்கடை. ஆனித் தேர் நிலைக்கு வந்து, ஆடியும் பிறந்த பிறகு கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். ஆடியில் கல்யாணம் கிடையாது, சீர்ப் பாத்திரம் வாங்க யாரும் வரமாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிவிட வேண்டும்.

பழையதில் ஓடுவது 2004-ல் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். எழுதியவர் இப்போது ஊரில் இல்லை, போன் நம்பரும் மாறிவிட்டது. புரோகிராமில் ஒரே ஒரு நல்ல காரியம், ‘ஏற்றுமதி’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வந்து விழும். நம்பர், பெயர், தகப்பனார் பெயர், ஊர், முகவரி, போன், பாக்கி, குறிப்பு உட்பட மொத்தம் பன்னிரண்டு தகவல்கள்.

“இருவது வருசப் பாக்கி அதுக்குள்ளதான் தம்பி கெடக்கு. ஒண்ணு விட்டாலும் எனக்குத்தான் நட்டம், பாத்துக்கிடும்” என்றார் அண்ணாச்சி. பழைய புரோகிராமின் முதல் திரையிலேயே வாடிக்கையாளர் எண்ணிக்கை 5,387 என்று இருந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு, ஃபைலைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு வந்தேன். அரை நாள் வேலை என்று நினைத்தேன். அஞ்சு நாள் ஆனது.

வீட்டில் எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தேன். அது திறக்கும்போதே எதை வைத்துப் பிரிக்கட்டும் என்று கேட்கும். கமாவிலும் செமிகோலனிலும் ஏற்கெனவே டிக் இருந்தது. யோசிக்காமல் சரி கொடுத்தேன். தாள் முழுக்கச் சிதறிய ஆங்கில எழுத்துகள். ஒரு வரி ஒன்பது கட்டம் போகிறது, அடுத்த வரி இருபத்திரண்டு போகிறது. தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. ஜே, பி, பெரிய யூ, என், ஈ, ஒய். அதோடு கட்டம் முடிந்து, பக்கத்துக் கட்டத்தில் பெரிய என், டி, ஒய், பி. டிடிபி கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாமினி எழுத்துருவில் அடித்த ‘திருநெல்வேலி’. தமிழ் மாதிரித் தெரிவது எழுத்துருவின் வேலை, உள்ளே சேமித்திருப்பது வெறும் ஆங்கிலக் கீபோர்டு எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் இந்த முறையில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். அந்தச் செமிகோலன்தான் ழகரத்தின் மேல் இருக்கும் புள்ளி.

வில்லங்கமே அங்கேதான். பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு செமிகோலன். செமிகோலனை வைத்துப் பிரித்தால் திருநெல்வேலி ‘திருநெல’ ஒரு பக்கம், ‘வேலி’ ஒரு பக்கம் என்று நிற்கிறது. கல்லிடைக்குறிச்சி நாலு துண்டு.

அதோடு நின்றால் பரவாயில்லை. பாமினியில் ‘இ’ என்ற உயிரெழுத்துக்குச் சாவி கமா! நம் சீமையில் இசக்கி இல்லாத தெரு உண்டா? இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜ் என்று இந்தப் பட்டியலிலேயே நானூறுக்கு மேல். ஒவ்வோர் இசக்கியும் கமாவில்தான் தொடங்குகிறார். கமாவில் பிரித்தவுடன் ‘இ’ காணாமல் போய், மிச்சம் ‘சக்கி’ அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப் போகிறது. அந்த ‘சக்கி’யும் முழுசாக இல்லை. நடுவில் இருக்கும் க் என்ற மெய்க்குச் செமிகோலன் உண்டே, அங்கே இன்னொரு வெட்டு. ஊர்ப் பத்தியிலும் இதே கதைதான். இட்டமொழி, இலஞ்சி, இடைகால், இடிந்தகரை எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தன.

2004-ல் எழுதியவர் இதை யோசித்திருக்கிறார். அவர் கமாவும் போடவில்லை, செமிகோலனும் போடவில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. ‘எதற்கு இப்படி ஊர் உலகத்தில் இல்லாத குறி?’ என்று முதலில் எரிச்சல் வந்தது உண்மை. இசக்கியைப் பார்த்த பிறகு அந்த மனிதர் மேல் மரியாதைதான் வந்தது.

சரி, கோடுதானே என்று கமா, செமிகோலன் இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு ‘மற்றவை’ பெட்டியில் எண்டர் சாவிக்கு மேலே இருக்கும் கோட்டை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வரி முழுவதும் ஒரே கட்டத்தில் கிடக்கிறது. அழித்து மறுபடி அடித்தேன். அதேதான். பைத்தான் என்ற நிரல்மொழியில், இப்படிக் குறி வைத்துப் பிரித்த ஃபைல்களைப் படிக்கும் சிஎஸ்வி கருவியில், பிரிப்பான் எது என்று தானே ஊகிக்கும் வசதி உண்டு. அதைக் கேட்டால் கூசாமல் ‘செமிகோலன்’ என்றது. அதைக் குற்றம் சொல்ல முடியாது, புள்ளி வைத்த எழுத்து இல்லாமல் தமிழில் எந்த வரி இருக்கிறது?

இந்த மாதிரி நேரத்தில் கண்ணை நம்பக் கூடாது, பைட்டைப் பார்க்க வேண்டும். ஹெக்ஸ் டம்ப் எடுத்தேன், அதாவது ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் பதினாறு அடிமான எண்ணாகக் காட்டும் பட்டியல். கீபோர்டில் நான் அடிக்கும் கோடு | . அதன் எண் 124, ஹெக்ஸில் 7சி. ஃபைலில் இருப்பது ஏ6, அதாவது 166. இது நடுவில் உடைந்த கோடு: ¦ . சின்ன எழுத்தில் திரையில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. போதாக்குறைக்கு, பல கீபோர்டுகளில் அந்தச் சாவி மேல் அச்சடித்திருப்பது உடைந்த கோடு, அழுத்தினால் வருவதோ உடையாத 124. சாவியைப் பார்த்து அடிப்பவர் ஏமாறுவது நிச்சயம்.

166-ஐ அடிக்க விண்டோஸில் ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு வலதுபக்க எண் பலகையில் 0166 அடிக்கலாம். என் லேப்டாப்பில் அந்தப் பலகை கிடையாது. அதைவிடச் சுலபம், ஃபைலிலிருந்தே அந்தக் குறியை ஒன்று காப்பி செய்து ‘மற்றவை’ பெட்டியில் ஒட்டுவது. என்ன எண், எந்தச் சாவி என்ற ஆராய்ச்சியே தேவையில்லை, தப்பவும் தப்பாது.

ஆனால் ஒட்டியதும் வேலை செய்துவிடவில்லை. கால்க்கின் அதே ஜன்னலில் மேலே குறியேற்றம், அதாவது எந்தப் பைட் எந்த எழுத்து என்ற முறை, யூடிஎஃப்-8 என்று இருந்தது. யூடிஎஃப்-8-ல் ஏ6 என்ற பைட் தனியாக வரக் கூடாது, ஏதாவது ஓர் எழுத்தின் நடுவிலோ கடைசியிலோதான் வரலாம். ஆகவே உடைந்த கோடு இருந்த இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக மாறியிருந்தது. பைத்தானில் திறந்தாலும் இதே காரணத்துக்காக ‘தொடக்க பைட் செல்லாது’ என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். குறியேற்றத்தை ‘மேற்கு ஐரோப்பா, விண்டோஸ் 1252’ என்று மாற்றிய மறு நொடி வைரங்கள் கோடுகளாயின, பன்னிரண்டு பத்திகள் நிமிர்ந்து நின்றன. ராத்திரி பதினொன்றரை. படுக்கப் போனேன்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் 5,387-க்குப் பதில் 6,214 வரிகள். ஆள் கூடிவிட்டார்கள். பார்த்தால், முகவரிப் பெட்டியில் எண்டர் தட்டி எண்டர் தட்டி அடித்திருக்கிறார்கள். தெருப் பெயர் ஒரு வரி, கோவில் அடையாளம் இன்னொரு வரி. ஏற்றுமதி செய்யும்போது அந்த எண்டர் அப்படியே ஃபைலுக்குள் வந்து ஓர் ஆளை இரண்டாக, மூன்றாக உடைத்துவிட்டது.

இதற்குக் கால்க் ஒத்துவராது என்று பைத்தானுக்கு மாறினேன். சிஎஸ்வி கருவியில் பிரிப்பான் ¦ என்று கொடுத்து ஓட்டினால் இப்போது ஆள் குறைகிறார்கள்! தேடிப் போனால், போன் நம்பர் பத்தியில் சில இடங்களில் வெறும் " என்று ஒரு குறி மட்டும். யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் பேரேட்டில் எழுதியே பழகியவர். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வீட்டு போன் என்றால், தம்பி பெயருக்கு நேரே ‘மேற்படி’ என்று அந்தக் குறியைப் போட்டிருக்கிறார், நோட்டில் போடுவது மாதிரியே. சிஎஸ்வி கருவிக்கோ, ஒரு கட்டம் " என்று தொடங்கினால் அடுத்த " வரும்வரை எல்லாம் ஒரே கட்டம் என்று அர்த்தம். கோடு, புதுவரி எதையும் மதிக்காது. ஓரிடத்தில் ஒரு மேற்படியிலிருந்து அடுத்த மேற்படி வரை 212 பேர் ஒரே கட்டத்துக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

மேற்கோள்குறியைக் கண்டுகொள்ளாதே என்று அந்தக் கருவிக்குச் சொல்ல வழி உண்டு. கால்க்கிலும் ‘உரைப் பிரிப்பான்’ என்ற பெட்டியைக் காலியாக விட்டால் போதும். ஆனால் உடைந்த முகவரிகளை எப்படியும் நானே ஒட்டியாக வேண்டும், ஆகவே சிஎஸ்வி கருவியையே ஒதுக்கிவிட்டு நாலு வரியில் சொந்தமாக எழுதினேன். பன்னிரண்டு தகவல் என்றால் ஓர் ஆளுக்குப் பதினொரு கோடு. வரியைப் படி, கோட்டை எண்ணு, பதினொன்றுக்குக் குறைந்தால் அடுத்த வரியையும் சேர்த்து ஒட்டு, பதினொன்று ஆனதும் வெட்டு. அவ்வளவுதான். கமாவோ செமிகோலனோ பிரிப்பானாக இருந்திருந்தால் இந்த எண்ணிக்கை வித்தை பலித்திருக்காது. உடைந்த கோடு ஃபைலில் வேறு எதற்கும் வரவில்லை என்பதால்தான் எண்ண முடிந்தது.

ஓட்டினால் 5,387. எண்ணிக்கை சரியாக வந்ததும் துள்ளியது தப்பு. சும்மா புரட்டிப் பார்த்தபோது ஒரு வாடிக்கையாளர் நம்பருக்கு முன்னால் யாருடைய குறிப்போ ஒட்டிக்கொண்டிருந்தது. குறிப்புதான் கடைசிப் பத்தி. அதற்குள்ளும் ஒருவர் எண்டர் தட்டியிருந்தால், பதினொரு கோடு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் மிச்ச வரி அடுத்த ஆளின் தலையில் போய் விழுகிறது. ஆள் எண்ணிக்கை மாறாது, அதனால் வெளியே தெரியாது. ‘வரி எண்ணில் தொடங்கி உடனே கோடு வந்தால்தான் புது ஆள், இல்லையென்றால் முந்தைய ஆளின் வால்’ என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். அப்படி ஒன்பது பேர் சிக்கினார்கள். மேற்படிக் குறிகளையும் அப்போதே மேல் வரியைப் பார்த்து நிரப்பிவிட்டேன். அகரவரிசைப்படி அடுக்கிய பிறகு மேற்படிக்கு மேலே யார் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது பாமினியை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உள்ள பொது முறையான யூனிகோடு ஆக்கும் வேலை. இங்கே நான் செய்த அவசரத்தைச் சொல்லியாக வேண்டும். மாற்றும் கருவி ஒன்று கையில் இருந்ததால், முழு ஃபைலையும் அதற்குள் போட்டேன். பெயர்களெல்லாம் அழகாக வந்தன. பாக்கிப் பத்தியைப் பார்த்தால் ‘1இ250’. இன்னொன்று ‘1இ25இ000’. கமா எல்லாம் இ ஆகிவிட்டது. எடை அளவில் கேஜி என்று ஆங்கிலத்தில் இருந்தது ‘மப’ ஆகியிருந்தது, ஏனென்றால் பாமினியில் கே என்பது ம, ஜி என்பது ப. ரூபாய்க்கு ஆங்கிலத்தில் போடும் ஆர்எஸ், ‘சுள’. ஐந்து மப உருளிக்குச் சுள பாக்கி! அண்ணாச்சியிடம் இதைக் காட்டவில்லை.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டும், அப்புறம் தமிழ் இருக்கும் பத்திகளை மட்டும் மாற்ற வேண்டும். பெயர், தகப்பனார், ஊர், முகவரி நான்கும் சுத்தத் தமிழ், தொல்லை இல்லை. குறிப்புப் பத்தியில் மட்டும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கட்டத்தில் கலந்து கிடந்தன. பாமினியில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும், இரண்டும் ஒரே எழுத்துகள்தானே. அந்த நூற்று நாற்பது வரியையும் உட்கார்ந்து கையால் திருத்தினேன். மூன்றாம் நாள் அதிலேயே போயிற்று.

மாற்றுவதிலும் இரண்டு நுணுக்கம் உண்டு. பாமினியில் ‘வே’ என்றால் இரட்டைக் கொம்பு முதலில், வகரம் அப்புறம், கையால் எழுதும் வரிசை. யூனிகோடில் வகரம் முதலில், கொம்பு பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவி என்றால் கொம்பு அந்தரத்தில் நிற்கும், ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு, ஒற்றை எழுத்துகளைக் கடைசியில் தொட வேண்டும். இன்னொன்று ர் என்ற மெய். பாமினியில் ரகரத்துக்குத் தனிச் சாவி இருந்தாலும், பலர் துணைக்காலை அடித்து அதன் தலையில் புள்ளி வைத்துவிடுவார்கள். பார்க்க அச்சாக ர் தான். மாற்றினால் ‘பார்வதி’ என்ற பெயரில் இரண்டு கால் வரிசையாக நின்று, இரண்டாவதன் தலையில் புள்ளி இருக்கும். ‘கால் மேல் புள்ளி வந்தால் அது ர்’ என்று ஒரு விதி எழுதியதும் பார்வதிகள் சரியானார்கள்.

கடைசியில் புதிய புரோகிராமுக்குக் கொடுக்கும் ஃபைல். பழையவருக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று ¦ குறியையே பிரிப்பானாக வைத்து யூடிஎஃப்-8-ல் சேமித்தேன். புதிய புரோகிராமில் ஏற்றினால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் அதே கறுப்பு வைரம்! விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 1252-ல் ஒரே பைட்டாக இருந்த ¦ யூடிஎஃப்-8-ல் இரண்டு பைட் ஆகிவிடும், சி2, ஏ6 என்று. இந்த இறக்குமதி வசதி பிரிப்பானை ஒரு பைட் என்றே எடுத்துக்கொண்டு ஏ6-ல் வெட்டியது. மிச்சம் நின்ற சி2 பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய டேட்டாபேஸ்களிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் காப்பி கட்டளை ஒரு பைட் குறியைத்தான் பிரிப்பானாக ஏற்கும்.

ஒரு விதத்தில் நான் தப்பித்தேன் என்று சொல்ல வேண்டும். யூடிஎஃப்-8-ல் வழக்கமான தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஏ6-ல் முடியும் குறி அதில் ‘௦’ என்ற பழைய சுழியம் ஒன்றுதான், அதை யாரும் பில்லில் போடுவதில்லை. ஏ6-ல் முடியும் இன்னோர் இடம், த-வுக்கும் ந-வுக்கும் நடுவில் யூனிகோடு விட்டிருக்கும் காலி இடம். பழையவர் இரண்டு எண் தள்ளி 164-ஐப் பிரிப்பானாக வைத்திருந்து, நானும் அதையே தொடர்ந்திருந்தால், அந்தப் பைட்டில்தான் த முடிகிறது. பட்டியலில் ஒரு தகரம் மிஞ்சியிருக்காது.

யூனிகோடு ஆன பிறகு இசக்கியின் ‘இ’ உண்மையான இ. கமாவுக்கும் அதற்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே சாதாரணக் கமாவையே பிரிப்பானாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் மேற்கோள்குறிக்குள் அடைத்துச் சேமித்தேன். முகவரிக்குள் எண்டர் வந்தாலும், 1,250-க்குள் கமா வந்தாலும் பிரச்சினை இல்லை. புதிய புரோகிராம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

எக்செல்லில் அதை நேரே இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரிகிறது என்று அண்ணாச்சியின் மகன் போன் செய்தான். ஃபைலின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளத்துக்கான மூன்று பைட்டையும் சேர்த்துச் சேமித்துக் கொடுத்ததும் அது சரியானது. போன் நம்பர்களில் 0462-ன் முன் சுழியம் போய் 462 என்று நின்றதற்கு வேறு வைத்தியம்: எக்செல்லில் திறக்காமல் இறக்குமதி செய்து, அந்தப் பத்தியை ‘உரை’ என்று குறிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் கடையில் இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மொத்தப் பாக்கி பைசா வரை ஒத்துப்போனது. அண்ணாச்சிக்கு அதில் திருப்தி இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இட்டமொழி இசக்கியம்மா பேரைப் போடும் பாப்போம். ஒரு வெங்கலப் பானைக்கு எண்ணூத்தம்பது நிக்கும்” என்றார். போட்டேன். மூன்று இசக்கியம்மாக்கள் வந்தார்கள், மூன்று பேருக்கும் இ இருந்தது. நடுவில் இருந்தவருக்கு 850. “இவதான். நோட்டைப் பாக்காமலே சொல்லுவேன்” என்றார். அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட அவருக்கு மனமில்லை, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறார். அதன் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: எழுத்துரு பாமினி, குறியேற்றம் விண்டோஸ் 1252, பிரிப்பான் 166, ஆளுக்குப் பதினொரு கோடு, போன் பத்தியில் " என்றால் மேற்படி.